ஒயின் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு சேலத்துக்காரனின் புலம்பல்

போன மே மாதம் அலுவலகத்துத் தம்பிகள் நான்கு பேரோடு ஏற்காட்டில் ஒரு காட்டேஜில் தங்கினோம். காலை பதினொரு மணிக்குச் சேலத்தில் வண்டியை எடுத்தவர்கள், சாமான் வாங்க, பிரியாணி சாப்பிட என்று நாலு இடத்தில் வெயிலில் நிறுத்தி, மேலே வந்து சேரும்போது மணி நாலரை. வந்ததும் ஒருவன் டிக்கியைத் திறந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து நீட்டினான். "உங்களுக்குன்னே வாங்கினதுங்கண்ணா." வாங்கிப் பிடித்தால், குழந்தைக்கு ஆற்றிய பால் போல வெதுவெதுவென்று இருந்தது.

ராத்திரி திறந்து குடித்தோம். "எப்படிங்கண்ணா?" என்று கேட்டான். "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டேன். அது பொய். அங்கே சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அளவு தெரியாமல் குடிப்பது, வெறும் வயிற்றில் குடிப்பது இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஊரில் ஒயின்ஷாப் என்றால் ஒயினைத் தேடி யாருமே போகாத இடம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒயின் பழக வருகிறவர்கள் செய்கிற தவறுகள் தனி ரகம். எல்லாமே நான் செய்தவை.

துவர்ப்பைப் பார்த்துப் பயப்படுவது

சிவப்பு ஒயினை முதன்முதலில் குடிப்பவர் முகத்தைச் சுளிப்பது பெரும்பாலும் துவர்ப்பால்தான். நாக்கு வறண்டு, ஈறைப் பிடித்து இழுத்தாற்போல ஆகும். உடனே "கெட்டுப்போச்சு போல" என்று வைத்துவிடுவார்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது, அவ்வளவுதான். சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். வெள்ளைக்குச் சாற்றைப் பிழிந்து தோலை முதலிலேயே ஒதுக்கிவிடுவதால் அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

துவர்ப்பு நமக்குப் புதிதா என்ன? அறுசுவையில் ஒன்றாக எண்ணி வைத்தவர்கள் நாம். நாவல்பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டி ஊதா நிறம் காட்டிய பிள்ளைகள். வாழைப்பூ பொரியலுக்கும் நெல்லிக்காய்க்கும் பழகிய அதே நாக்கு, கண்ணாடிக் கோப்பையில் வந்தால் மட்டும் ஏனோ அலறுகிறது. முதல் ஐந்தாறு தடவை தீர்ப்பு எதுவும் சொல்லாமல், சாப்பாட்டோடு இரண்டிரண்டு வாயாகக் குடித்துப் பாருங்கள். கொழுப்போடு வெந்த கறி பக்கத்தில் இருந்தால் துவர்ப்பு பாதி அடங்கிவிடும். அதற்கும் பொறுமையில்லை என்றால் வெள்ளையில் ஆரம்பியுங்கள். ஒரு கௌரவமும் குறைந்துவிடாது.

கட்டிங் கணக்கு

பிராந்தி 42.8 சதவீதம், ஒயின் 12 முதல் 14. பிராந்தி கட்டிங் போல ஒயினையும் ஒரே மடக்கில் இறக்கினால் போதையும் சரியாக வராது, ருசியும் தெரியாது.

பாட்டிலைப் பத்திரமாக வைப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால், பிரான்ஸில் வேலை பார்த்த நண்பன் ஊருக்கு வந்தபோது போர்தோ ஒயின் ஒன்று கொண்டுவந்தான். விலையைக் கேட்டதும் அதைப் பிடித்திருந்த கை தானாக இறுகியது. இவ்வளவு விலை உள்ளதைச் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையில் குடிக்க முடியுமா? நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்று அம்மாவின் பழைய நூல் புடவையில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். "ஒயின் பழசாக ஆகத்தான் ருசி" என்று யாரோ சொன்னதும் மனதில் இருந்தது. எங்கள் வீடு மாடி வீடு. அந்த அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். நாங்களே பாயை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவோம். பாட்டில் எங்கே ஓடும்? இரண்டு கோடை அங்கேயே கிடந்தது.

பதவி உயர்வு வந்த அன்று எடுத்தேன். கார்க் பாட்டில் வாயிலிருந்து அரை விரலுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. மேலே சுற்றியிருந்த தகடு பிசுபிசுத்தது. ஊற்றினால் நிறம் செங்கல் போல. வாசனையோ, சுண்டக் காய்ச்சிய புளித்தண்ணீரில் உலர் திராட்சையைப் போட்டு மறந்துவிட்டாற்போல. எனக்கு அதற்கு முன்னால் நல்ல ஒயின் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதனால், விலை உயர்ந்த சரக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று மரியாதையாக ஒரு கோப்பை குடித்து முடித்தேன். "நமக்கெல்லாம் இது ஒத்துவராது" என்று முடிவும் கட்டினேன். அப்புறம் நான்கு வருஷம் ஒயின் பக்கமே போகவில்லை. பெங்களூரில் ஒரு விருந்தில் வேறு வழியில்லாமல் ஒரு வாய் குடித்தபோதுதான், அன்றைக்குக் கெட்டுப்போயிருந்தது என் நாக்கு இல்லை, பாட்டில் என்று உறைத்தது. காசு போனதைக்கூட விடுங்கள். அந்த நான்கு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

நடந்தது இதுதான். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். ஆறும்போது சுருங்கி, அந்த இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். தினம் பகலில் ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை என்று இரண்டு கோடை முழுக்க இதே வேலை நடந்திருக்கிறது. காற்றே புகாவிட்டாலும், 12, 13 டிகிரியில் வருஷக்கணக்கில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றங்கள் 40 டிகிரியில் கண்டபடி தறிகெட்டு ஓடும். போர்ச்சுகலின் மதேரா தீவில் ஒயினை வேண்டுமென்றே சூடாக்கித்தான் செய்கிறார்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் வெயிலில் வெந்து வந்த ருசி பிடித்துப்போய், பிறகு தொட்டியில் 45, 50 டிகிரியில் மூன்று மாதம் வைக்கும் முறையே வந்துவிட்டது. ஆனால் அதில் பிராந்தி சேர்த்து, சூட்டைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். நம் பீரோவுக்கு அந்தக் கைப்பக்குவம் கிடையாது.

ஆகவே சேர்த்து வைக்காதீர்கள். உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கிய சில வருஷத்துக்குள் குடிக்கச் செய்தது. காத்திருந்தால் மேம்படுகிற பாட்டில் நம் கைக்கு வருவது அபூர்வம். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ரிட்ஜில் படுக்கவைத்துச் சில மாதம் விடலாம். ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் என்ன சொல்வது? கடையில் கண்ணாடி அலமாரியில் வெயில் வாங்கி நிற்பதை விட்டுவிட்டு உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். காரில் கொண்டுபோனால் டிக்கி வேண்டாம், ஏசி ஓடும் இடத்தில் காலடியில் வையுங்கள். நான் மீன் வாங்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோகிறேன். சிரிப்பார்கள், பரவாயில்லை. ஏற்காட்டில் சொந்த வீடு இருப்பவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், டிசம்பரில் வீடே ஒயின் அறை. அவர்களுக்கும் ஏப்ரல், மே உத்தரவாதம் இல்லை.

"அறை வெப்பநிலையில் பரிமாறவும்"

எந்த அறை என்று கேட்க வேண்டும். அது ஐரோப்பாவின் பழைய வீட்டுக் குளிர் அறை, 16 முதல் 18 டிகிரி. சேலம் அம்மாப்பேட்டை வாடகை வீட்டுக்கு அது பொருந்தாது. சிவப்பையும் திறப்பதற்கு முன் அரை மணி, முக்கால் மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடான ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

மட்டன் சுக்காவோடு சிவப்பு

மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஏற்றிவிடும், துவர்ப்பும் சேர்ந்தால் வாய் பற்றி எரியும். அன்று ஏற்காட்டில் ஒரு தம்பி கண்ணில் தண்ணீர் வர வர, "ஒயின் ரொம்ப ஸ்ட்ராங்குங்கண்ணா" என்றான். ஒயின் என்ன பண்ணும், சுக்கா அப்படி. காரத்துக்கு லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த வெள்ளைதான் துணை. செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை நம் நாட்டிலேயே நாசிக் பக்கம் விளைகிறது. அந்த ஒயினோடு நம் ஊர் தட்டுவடை செட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். மொறுமொறு தட்டை, பீட்ரூட் துருவல், புளிப்புச் சட்னி. நட்சத்திர ஓட்டலில் இந்த ஜோடியைப் போட மாட்டார்கள், அவர்கள் நஷ்டம்.

ஐஸ் போடுவது

தவறே இல்லை. வெயில் ஊர்.

குடித்துவிட்டு மலை இறங்குவது

இருபது கொண்டை ஊசி வளைவு. காலையில் இறங்குங்கள்.

பாட்டில் அட்டையில் இருக்கும் வாசனையைத் தேடுவது

பிளாக்பெர்ரி, செடார் மரம், ஈரத் தோல் என்று போட்டிருக்கும். சேலத்தில் யார் பிளாக்பெர்ரி தின்றிருக்கிறார்கள்? தெரியாத பழத்தை மூக்கால் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், ரொம்ப நாள். உங்களுக்குத் தெரிந்த வாசனையைச் சொல்லுங்கள். நாவல்பழம், அத்திப்பழம், கருப்பட்டி, கிராம்பு, மழை விழுந்த மண், எதுவானாலும் சரி. அந்த டிக்கி ஒயினைக் குடித்தவர்களில் ஒருவன் மட்டும் கோப்பையை மோந்து பார்த்துவிட்டு, ரொம்ப யோசித்து, "எங்க பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கு" என்றான். வாங்கி வந்தவன் அவனை முறைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.