துணிப் பிரிமணை தைக்கிறீர்களா? நடுவில் வைப்பதைக் கவனியுங்கள்

அந்தக் காலத்து அடுப்படியில் சட்டி இறங்கினால் அது உட்கார வைக்கோலிலோ கயிற்றிலோ திரித்த பிரிமணை தயாராக இருக்கும். தரைக்குச் சூடு ஒரு பொருட்டில்லை. அடி உருண்டையான பாத்திரம் சாய்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இன்று பாத்திரத்தின் அடி தட்டையாகிவிட்டது. ஆனால் அது போய் உட்காரும் இடம் சன்மைக்கா ஒட்டிய மேஜை, பாலிஷ் போட்ட மரம் அல்லது கண்ணாடி. அதனால்தான் துணியை அடுக்கி, குவில்டிங் (அடுக்குகள் நகராமல் பிடிக்க மேலே வரிவரியாகப் போடும் தையல்) போட்டுத் தைத்த ஹாட் பேட் தேவைப்படுகிறது. நான் அதைத் துணிப் பிரிமணை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தையல் பழகுகிறவர்கள் தலையணை உறைக்கு அடுத்தபடியாகக் கை வைப்பது இதில்தான். ஒரு மணி நேர வேலை, வீட்டில் கிடக்கும் துண்டுத் துணியே போதும். சுலபம் என்பதாலேயே யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

நானும் யோசிக்கவில்லை. சுடிதார் தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியில் முதல் பிரிமணையைத் தைத்தேன். காட்டன் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு வறுத்த இரும்பு வாணலியை அடுப்பிலிருந்து எடுத்து நேராக அதன் மேல் வைத்தேன். சாப்பிட்டு முடித்து வாணலியைத் தூக்கினால் பிரிமணையும் கூடவே வந்தது. அடியில் ஒட்டியிருந்த பூக்களைச் சுரண்டி எடுக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அந்தக் காட்டனில் பாலியஸ்டர் கலந்திருந்தது.

பாலியஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகும். அதற்கு முன்பே இளகி ஒட்ட ஆரம்பிக்கும். பொரிக்கிற எண்ணெய் 170 முதல் 190 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வாணலியின் அடிப்பக்கம் தீயிலேயே கிடந்தது, அது உள்ளே இருக்கும் எண்ணெயைவிடச் சூடாக இருக்கும். காலியாகக் காய்ந்த தோசைக்கல் 200ஐ எளிதாகத் தாண்டிவிடும். பருத்திக்கு உருகும் குணமே கிடையாது. சூடு மிஞ்சினால் பழுப்பாகும், அப்புறம் கருகும், ஆனால் பாத்திரத்தில் ஒட்டாது.

துணி எது என்று கடைக்காரர் வாக்கை நம்ப வேண்டாம், கண்ணையும் நம்ப வேண்டாம். ஓரத்திலிருந்து நாலு இழையைப் பிரித்து, இடுக்கியால் பிடித்து, சிங்க் தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் பொடிந்து போகும் சாம்பல் மிஞ்சினால் பருத்தி. சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் அதில் பாலியஸ்டர் இருக்கிறது. முடி கருகும் நாற்றம் என்றால் கம்பளி அல்லது பட்டு. உண்மையான கம்பளியும் இந்த வேலைக்கு மிக நல்லது. ஆனால் கம்பளி என்ற பெயரில் கடையில் விற்கும் போர்வைகளில் நிறைய அக்ரிலிக்தான், அதையும் எரித்துப் பார்த்துவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்துணியைச் சரிபார்த்தவர்கள்கூட நழுவும் இடம் ஒன்று உண்டு: கூடச் சேரும் சின்னச் சாமான்கள். ரெடிமேடாகச் சுருளில் விற்கும் பளபளப்பான பைப்பிங் துணி, லேஸ், காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ், அடியில் வழுக்காமல் இருக்க வைக்கும் ரெக்ஸின். கேன்வாஸில் இருக்கும் பசை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் இளகி ஒட்டுவதற்கென்றே செய்தது. குக்கர் சூட்டில் மறுபடியும் இளகும். ரெக்ஸின் மேஜையில் தடம் பதிக்கும். தையல் நூலும் அப்படியே. தையல்காரர்கள் புழங்கும் நூல்கண்டுகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர். கொதிக்கும் குழம்புக்கு அது தாங்கும், இரும்புச் சட்டிக்குத் தாங்காது. மேலே தையல் தெரியும்படி போடுகிறவர்கள் பருத்தி நூலே வாங்கிவிடுவது நல்லது.

இதெல்லாம் வெளித்தோற்றம். பிரிமணையின் வேலை முழுவதும் நடக்கும் இடம் நடுவில்தான், அதுதான் யாரும் பார்க்காத இடமும்கூட. சூட்டைத் தடுப்பது துணி இல்லை, துணியின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. பஞ்சு, துண்டு, போர்வை எல்லாம் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் கூடுகள். இந்தக் கணக்கு பிடிபட்டால் மீதித் தவறுகள் தாமாகவே விளங்கிவிடும்.

கடையில் விரலால் அழுத்தி, புஸுபுஸு என்று இருக்கிறதே என்று வாங்கும் பாலியஸ்டர் பஞ்சு மெத்தைத் துணி முதல் ஏமாற்று. பிரிமணை மேல் உட்காரப் போவது உங்கள் விரல் இல்லை. 5 லிட்டர் குக்கர் சாதத்தோடு நாலைந்து கிலோ வரும். அந்தக் கனத்தில் எல்லாக் காற்றும் வெளியேறி, முக்கால் அங்குலப் பஞ்சு முரட்டுக் காகிதம் போல் ஆகிவிடும். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாலியஸ்டர் இழை உருகத்தான் 250 டிகிரி வேண்டும். 80 டிகிரி வாக்கிலேயே இளக்கம் கண்டுவிடும். அந்த நிலையில் பாரம் ஏறினால், அழுந்திய வடிவிலேயே நின்றுவிடும். பாலியஸ்டர் பாவாடையில் சூடு வைத்து அழுத்திய மடிப்பு கலையாமல் இருப்பதும் இதனால்தான். நாலு முறை குக்கர் வைத்தபின் உங்கள் பிரிமணை பப்படம் ஆவதும் இதனால்தான்.

அப்படியானால் என்ன வைப்பது? அழுத்தினாலும் உடம்பு குறையாத எதுவும் சரி. என் முதல் தேர்வு பழைய தேங்காய்ப்பூ துண்டு. அதன் பருத்தி வளையங்கள் பாரத்தில் ஓரளவு மடங்கினாலும் மொத்தமாகப் படுத்துவிடாது. இரண்டு அடுக்குத் தேங்காய்ப்பூ துண்டு, கீழே ஜீன்ஸ் துணி, மேலே பிடித்த கைத்தறித் துணி, இது என் வீட்டில் பல வருடம் ஓடிய சேர்க்கை. பருத்தி பேட்டிங் (விரிப்பாக அமுக்கிய பஞ்சு) கிடைத்தால் அதையும் இரண்டு அடுக்காக வைக்கலாம். பஞ்சே வேண்டாம் என்றால் பழைய வேட்டியை எட்டு, பத்து மடிப்பாக மடித்து வைத்தாலும் வேலை நடக்கும். வங்காளத்துக் காந்தா, மராட்டியத்துக் கோதடி என்ற போர்வைகளும் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு வந்தவைதானே. ஃபோம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது சூட்டில் கருகினால் வரும் புகை மூச்சுக்கு ஆகாது.

இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்பார்கள். தலையணைக்கு அது ராஜா. இங்கே இரண்டு காரணத்தால் சரிவராது: வழவழப்பான இழை என்பதால் ஓரிடத்தில் நிற்காமல் மூலைக்கு ஓடிவிடும், தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஆன்லைனில் இன்சுல்-பிரைட் என்ற பெயரில் பளபளப்பான ஒரு தாள் கிடைக்கிறது. உலோகப் பூச்சுப் படலத்தில் பாலியஸ்டர் இழைகளை ஊசியால் குத்திக் கோத்தது அது. இதை ஒன்று வைத்துவிட்டால் போதும், வேறு பஞ்சே தேவையில்லை என்பது பரவலான நினைப்பு. பளபளப்பு திருப்பி அனுப்புவது கதிராக வரும் வெப்பத்தைத்தான். பாத்திரம் நேரடியாக அழுந்தி உட்காரும்போது வெப்பம் தொட்டுத் தொட்டுக் கடந்துவிடும். அதனால் அதன் மேல்பக்கம் ஒரு பருத்தி அடுக்காவது கட்டாயம் இருக்க வேண்டும். அப்படித் தைத்ததை மைக்ரோவேவில் வைக்கவும் கூடாது. சமையலறை அலுமினியத் தாளை உள்ளே வைத்துத் தைக்கிற யோசனை இன்னும் மோசம். நாலு மடக்கில் அது கிழிந்து, பிரிமணை எப்போதும் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும்.

குவில்டிங் விஷயத்தில் அழகுக்கும் வேலைக்கும் சண்டை. கால் அங்குல இடைவெளியில் நெருக்கமாகக் கட்டம் போட்டால் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தையல் வரியும் அடுக்குகளை இறுக்கிப் பிடித்து, அந்த இடத்துக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. வரி அதிகமானால் சூடு கடக்கும் பாதையும் அதிகம். துண்டு, வேட்டி அடுக்குகளுக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குல இடைவெளி தாராளம். அதற்காக நாலு ஓரம் மட்டும் தைத்து நடுவை விட்டால், இரண்டு துவையலில் உள்ளே எல்லாம் சுருண்டு ஒரு பக்கம் போய்விடும்.

தையலை எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். ஓரத்திலிருந்து தொடங்கினால் மேல்துணி நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு பக்கம் கொசுவம் விழும். முதலில் பெரிய பெரிய ஓட்டுத்தையலால் அடுக்குகளை ஒன்றாகப் பிடித்து, நடுவில் ஒரு வரி போட்டு, அங்கிருந்து இரு பக்கமும் வெளியே வாருங்கள். தையல் நீளத்தை 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை வையுங்கள். பிளவுஸ் தைக்கிற அதே சின்னத் தையலில் இத்தனை கனத்தைத் தைக்கப் போனால் மெஷின் முனகும். ஊசியும் 16ஆம் எண் இருக்கட்டும், ஜீன்ஸ் மடிப்புகள் வந்தால் 18. மெல்லிய ஊசி முறிந்து அதன் முனை உள்ளேயே தங்கிவிட்டால், பின்னால் யாருடைய விரலாவது அதைக் கண்டுபிடிக்கும். குண்டூசியும் அப்படித்தான். எத்தனை குத்தினேன் என்று எண்ணிக்கொண்டு ஆரம்பிக்கும் பழக்கம் எனக்கு ஒரு தடவை குத்து வாங்கிய பின்பே வந்தது.

துணியைத் துவைக்காமல் வெட்டுவது பலரும் தெரிந்தே செய்யும் தவறு. புதுப் பருத்தி முதல் துவையலில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும். 10 அங்குலத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலம் போகும். மேல்துணி புதுசு, உள்ளே பழைய துண்டு என்றால் ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல், பிரிமணை கிண்ணம் போல் குழிந்து நிற்கும். சுங்குடி, கலம்காரி என்று அடர்ந்த நிறத்தில் ஆசைப்பட்டால் வெந்நீரில் ஊறப்போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் தண்ணீரில் நிறம் இறங்கினால் அந்தத் துணி இந்த வேலைக்கு இல்லை. ஆவி பட்டால் அந்த நிறம் மேஜை விரிப்புக்குப் போகும். உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நான் நம்புவதில்லை.

அளவு: பாத்திர அடியைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமாவது கூட இருக்கட்டும். வீட்டுக் குக்கர், வாணலிகளுக்கு 9, 10 அங்குலச் சதுரம் பொருந்தும். குவில்டிங் போட்டால் துணி கொஞ்சம் உள்வாங்கும், ஆகவே அரை அங்குலமாவது பெரிதாக வெட்டி, தையல் எல்லாம் முடிந்த பின்பு சரியான அளவுக்கு நறுக்குங்கள். வட்டமாகத் தைப்பவர்கள் ஓரத்துக்கு நேர்த் துணியை வைத்துவிட்டு, ஏன் சுருக்கம் விழுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வளைவுக்கு கிராஸ் பீஸ், அதாவது குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டை வேண்டும், நேர்ச் சதுரத்துக்கு வேண்டியதில்லை. இத்தனை அடுக்கையும் சுற்றி மடிய ஓரப்பட்டையை இரண்டரை அங்குல அகலமாவது வெட்டிக்கொள்ளுங்கள். மாட்ட வளையம் வைத்தால் சின்னதாக வையுங்கள். பெரிதாக இருந்தால் பாத்திரத்தின் கைப்பிடியில் சிக்கி, சாம்பாரோடு சேர்ந்து பயணம் செய்யும்.

தைத்து முடித்ததும் நேராக நல்ல மேஜைக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரு பழைய பலகை மேல் போட்டு, கொதிக்கும் தண்ணீர் நிறைந்த கனமான பாத்திரத்தைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். அடியில் பலகையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் இன்னோர் அடுக்கு தேவை. பலகையில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். காய்ந்தது என்று நாம் நினைக்கும் பருத்தியிலும் ஏழெட்டு சதவீதம் ஈரம் உண்டு. மேலே சூடு ஏறியதும் அது ஆவியாகிக் கீழே இறங்கி, குளிர்ந்த மேஜையில் மறுபடியும் நீராகும். பாலிஷ் போட்ட மரத்தில் வெள்ளையாகப் படரும் அந்த மங்கல் வட்டம் பல நேரம் நேரடிச் சூட்டால் வருவதில்லை, இந்த ஈரத்தால்தான். பாத்திரத்தை மணிக்கணக்கில் அப்படியே விடாமல், சாப்பிட்டு எழுந்ததும் இரண்டையும் எடுத்துவிட்டால் இது வராது.

நனைந்த பிரிமணையைப் பயன்படுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் நிறைந்தபின் அது பிரிமணையே இல்லை. அவசரத்துக்கு அதையே கைப்பிடித் துணியாக எடுத்துப் பாத்திரத்தை இறக்குகிறவர்களுக்குக் கை சுடுவது இதனால்தான். எண்ணெயும் நெய்யும் ஊறியதும் இதே ரகம், கூடவே அடுப்பருகே பற்றிக்கொள்ளும் பயமும் சேர்கிறது. துவைக்கும்போது வாசனைக்காகச் சேர்க்கும் கண்டிஷனர் திரவம் வேண்டாம், அது இழைகளின் மேல் படிந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இரண்டு நாள் ஈரம் நிற்கும், அப்புறம் பூசணம் பூக்கும். அந்த மாதங்களில் மெல்லியதாக இரண்டு பிரிமணை தைத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது என் வழக்கம். தனித்தனியாகக் காய வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடுகின்றன.

நடுவில் பழுப்பு வட்டம் விழுந்து, நகத்தால் கீறினால் இழை பொடிகிறதா? அந்த இடத்தில் பருத்தி செத்துவிட்டது. அதன் மேல் புதுத்துணி வைத்துத் தைத்து ஆயுளை நீட்டப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் அது பூந்தொட்டிக்கு அடியில் போய்விடும்.