முதலில் வாசல் வெளிச்சம், அப்புறம் டயல்: வீட்டுப் படங்களுக்குக் கேமரா பழகும் வழி

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் யார் புதுக் கேமரா வாங்கினாலும் விடியற்காலையில் காசிமேட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். படகு, வலை, சூரிய உதயம் எல்லாம் அழகுதான், நானும் போவேன். ஆனால் வீட்டு மனிதர்களை எடுக்கத்தான் கேமரா வாங்கினீர்கள் என்றால், பழக வேண்டிய இடம் உங்கள் கூடம். வெளிச்சம் குறைவு, பின்னால் நகர இடம் கிடையாது, பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். இந்த மூன்றையும் சமாளிக்கத் தெரிந்துவிட்டால் மற்ற இடமெல்லாம் சுலபம்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கையில் இருப்பது பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு சேர்த்து வைத்து வாங்கிய 35 எம்எம் எஃப்1.8 லென்ஸ். இதைவிடப் பெரிய கேமரா வீட்டுப் படங்களுக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

டயலைத் தொடுவதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பாருங்கள். துணிக்கு நூல் பொருந்துகிறதா என்று பார்க்க நான் வாசலுக்குத்தான் எடுத்துப் போவேன். டியூப் லைட்டுக்கு அடியில் மெரூனும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றாகத் தெரியும். முகத்துக்கும் அதே கணக்குதான். எங்கள் தெருவில் இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும், அதனால் வெளிச்சம் வருவதே தெருக்கதவு வழியாகத்தான். எடுக்க வேண்டிய ஆளை நிலைவாசலுக்கு இரண்டு மூன்று அடி உள்ளே, கதவுக்குக் கொஞ்சம் சாய்வாக உட்கார வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறமாகிவிடும்.

என் மாமியார் காலையில் அந்த இடத்தில்தான் மணையைப் போட்டு நெத்திலி ஆய்வார். கதவுப் பக்கத்துக் கன்னத்தில் வெளிச்சம் விழும், மறு கன்னம் மெல்ல நிழலுக்குள் போகும், கண்ணுக்குள் கதவு ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரியும். அந்த வெள்ளைக் கட்டம் இருந்தால்தான் கண்ணுக்கு உயிர் இருக்கும். அது தெரிகிற வரை நான் பொத்தானை அழுத்த மாட்டேன்.

“ஏம்மா, மீன் ஆயறதைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?” என்பார்.

“நீங்க வேலையைப் பாருங்க அத்தை, என்னைப் பாக்காதீங்க” என்பேன்.

வேலையாக இருக்கும் கைகள் எங்கே வைப்பது என்று தடுமாறாது. ‘நேரா நில்லு, சிரி’ என்று சொல்லி எடுத்த படத்தைவிட இப்படி எடுத்ததில்தான் அந்த மனிதர் இருக்கிறார்.

சரி, இனி டயல். பச்சை நிற ஆட்டோவில் விட்டால் வீட்டுக்குள் இரண்டில் ஒன்று நடக்கும். கேமராத் தலையில் இருக்கிற ஃபிளாஷ் எழுந்து முகத்தில் எண்ணெய் வழிந்தது போல ஒரு பளபளப்பும், பின்சுவரில் கறுத்த நிழலும் வரும். அல்லது ஷட்டர் மெதுவாகித் திறந்திருக்கும் நேரத்தில் பிள்ளை தலையைத் திருப்பிவிடும். பலரும் முதலில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைப் பழகச் சொல்வார்கள். வீட்டுப் படங்களுக்கு ஷட்டர் வேகம்தான் முதல் பாடம் என்பேன். நிக்கான், சோனியில் டயலை ‘எஸ்’ஸில் வையுங்கள். கேனானில் அதற்கு ‘டிவி’ என்று போட்டிருக்கும். கூடவே மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு (கிடைக்கிற வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதுதான் ஐஎஸ்ஓ), மேல்வரம்பை 6400 என்று வையுங்கள். அவ்வளவுதான் ஏற்பாடு, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 1/125 போதும், அதாவது ஒரு நொடியை 125 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கும். பேசிக்கொண்டே கையை ஆட்டும் பிள்ளைகளுக்கு 1/250. தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினால் 1/500. லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாது.

ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் மணல் தூவினது போல ஒரு சொரசொரப்பு வரும். அதற்குப் பயப்படாதீர்கள். 4x6 பிரிண்ட் போட்டால் ஐஎஸ்ஓ 3200 வரை பெரிதாக எதுவும் தெரியாது. கலங்கிய முகத்தை எந்த மென்பொருளும் முழுசாகத் திருப்பித் தராது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் சொரசொரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப் லைட்டில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப் லைட்டும் மலிவான சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/500-ல் வரிசையாக நாலு படம் எடுத்துப் பாருங்கள்: ஒன்று பளிச்சென்று, ஒன்று மங்கி, ஒன்று பழுப்பாக வரும். உள்ளே கண்ணாடி இல்லாத புது வகையான மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் போட்டிருந்தால் குறுக்கே பட்டை பட்டையாகவே விழும். ராத்திரியில் அந்த வெளிச்சத்தில் எடுக்கும்போது 1/100 வைத்தால் விளக்கின் ஒரு முழுச் சுற்று ஷட்டருக்குள் அடங்கிவிடும், எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும்.

1/100-ல் எடுக்க எனக்குப் பிடித்த காட்சி கேரம் ஆட்டம். பலகைக்கு மேலே தொப்பி போட்ட ஒரே ஒரு விளக்கு தொங்கும். அந்த வெளிச்சம் பவுடர் தூவிய பலகையில் பட்டு, கீழிருந்து முகங்களுக்கு ஏறும். வேறு எந்த ஃபிளாஷும் அந்த அழகைத் தராது. கேமராவைப் பலகை மட்டத்துக்கு இறக்குங்கள். ஸ்ட்ரைக்கரைத் துரத்தாமல், எதிரே உட்கார்ந்திருப்பவன் கண்ணில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். சுண்டுகிற நேரத்தைவிட, ரெட் விழுந்து, அதை உறுதியாக்கும் அடுத்த காயான ஃபாலோவைப் போடப் போகிறானே, அந்த நேரத்து முகம்தான் படம். என் பெரியவனை அப்படி எடுத்ததில் அவன் விரல் நுனியில் ஒட்டிய பவுடர்கூடத் தெரிகிறது.

ஃபோகஸ் பற்றிச் சுருக்கமாக: தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் கேமரா முன்னால் நீட்டிய கையையோ நாற்காலி முனையையோ பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள். ஓடும் பிள்ளைக்கு, நிக்கான், சோனியில் ‘ஏஎஃப்-சி’, கேனானில் ‘ஏஐ செர்வோ’. புது மிரர்லெஸ்ஸில் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், நன்றாகவே வேலை செய்யும். குழந்தையை எடுக்கத் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரியும்.

எல்லோரும் 50 எம்எம் லென்ஸ் வாங்கச் சொல்வார்கள். நம்மிடம் இருக்கும் சிறிய சென்சார் கேமராக்களில் அது 75, 80 எம்எம் போல ஆகிவிடும். பத்தடிக் கூடத்தில் முதுகு சுவரில் முட்டிய பிறகும் இரண்டு பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள். 35 எம்எம் எங்கள் வீடு மாதிரி வீடுகளுக்குச் சரி. கேனான் வைத்திருப்பவர்களுக்கு 24 எம்எம் எஃப்2.8 என்று மெலிசான லென்ஸ் ஒன்று உண்டு.

இனி, கறுத்த நிறம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். எங்கள் நைனா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார்ந்தால் அது வெள்ளையைக் குறைக்கும், முகம் இருண்டு கண் காணாமல் போகும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +0.7 அல்லது +1 வையுங்கள். கறுத்த முகமே படம் முழுக்க நிறைந்தால் இதற்கு நேர் எதிர், கேமரா முகத்தை வெளிற வைத்துவிடும். அப்போது -0.3 அல்லது -0.7. பக்கவாட்டு வெளிச்சத்தில் கறுத்த தோலில் ஒரு மினுமினுப்பு வரும், கன்ன எலும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் செதுக்கினது போலத் தெரியும். அதை அழிக்கிற அழகூட்டும் ஃபில்டர் எதையும் போடாதீர்கள். உங்கள் பிள்ளை தன் நிறத்தோடுதான் அந்தப் படத்தில் இருக்க வேண்டும்.

தெருவை அடைத்துப் பந்தல் போடும் விசேஷங்களில் பெரிய தொல்லை சாமியானாத் துணி. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக இருக்கும் துணி வழியாக வெயில் இறங்கினால் மாமன் முகம் சிவப்பு, பக்கத்தில் அத்தை முகம் நீலம். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, ஒருவருக்குச் சரியானால் மற்றவருக்குக் கெடும். பந்தலின் ஓரத்துக்கு, திறந்த வானத்தின் வெளிச்சம் வருகிற இடத்துக்கு அழைத்து வந்துவிடுங்கள். தனி ஃபிளாஷ் இருந்தால் வீட்டுக்குள் வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடிக்கலாம், பந்தலுக்குள் அது ஆகாது. துணியின் நிறத்தையே வாங்கிக்கொண்டு முகத்துக்கு இறங்கும்.

குரூப் படத்துக்கு மட்டும் ‘எஸ்’ஸை விட்டுவிட்டு ‘ஏ’வுக்கு வாருங்கள், கேனானில் ‘ஏவி’. அப்பர்ச்சரை எஃப்5.6-ல் வையுங்கள், மூன்று வரிசை என்றால் எஃப்8. எஃப் எண் ஏற ஏறத் துவாரம் சிறிதாகி, முன்னும் பின்னும் இருப்பவர்கள் சேர்ந்து தெளிவாக வருவார்கள். எஃப்1.8-ல் எடுத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை கலங்கியும் வரும். கலங்கியது யாரோ அவர் அதை மறக்க மாட்டார். ஷட்டர் எங்கே போகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள். ஆறேழு பேர் இருந்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார், அதனால் வரிசையாக ஐந்து படமாவது எடுங்கள். அப்புறம் இன்னொன்று, எடுக்கிற ஆள் படத்தில் இல்லாமலேயே போய்விடக் கூடாது. கேமராவைத் தையல் மெஷின் மேசையில் வைத்து, உட்கார்ந்திருப்பவர் மேல் ஃபோகஸ் பிடித்து, 10 நொடி டைமரைத் தட்டிவிட்டுப் போய் நில்லுங்கள். வீட்டில் பெண்கள்தான் இப்படி விடுபட்டுப் போகிறோம்.

கடற்கரைக்குப் போனால் திசையை நினைவில் வையுங்கள். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் சூரியன் அவர்கள் முதுகில், முகம் இருட்டு. கடலோடு சேர்த்து முகமும் வேண்டுமென்றால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் போங்கள், வெளிச்சம் ஊர்ப்பக்கத்திலிருந்து முகத்தில் விழும். காலையில்தான் போக முடியும் என்றால், அவர்களைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி, கரையில் ஏற்றி வைத்த படகுகளைப் பின்னணியாக்குங்கள். நடுப்பகல் வேண்டவே வேண்டாம், கண்குழி கறுத்துப் போகும்.

திரும்பி வந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் கேமராவைத் துடையுங்கள், உப்புக் காற்று அதில் படிந்திருக்கும். எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், சிலந்தி வலை போலத் தெரிந்தால் அதுதான். தோல் பையில் பூட்டி பீரோவுக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பானால் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

எடுத்த படங்களை அன்றைக்கே இரண்டு இடத்தில் ஏற்றிவிட்டு, கார்டைக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படத்தைச் சுருக்கிவிடும். ஆனால் கட்டாயம் பிரிண்டும் போடுங்கள். 4x6 நன்றாக வர 1800-க்கு 1200 புள்ளி போதும், அதாவது சுமார் 22 லட்சம். உங்கள் கேமரா எவ்வளவு பழசாக இருந்தாலும் அதைத் தரும். 4x6 படத்தை அப்படியே ஏற்கும், 5x7-ல் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே விளிம்பில் இடம் விடுங்கள். லேபில் கொடுக்கும்போது ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், முகத்தை வெளுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் இடமும் எழுதுங்கள், பால்பாயின்ட்டை அழுத்தாதீர்கள், முன்பக்கம் தடம் விழும்.