மலைவீட்டுப் புகைபோக்கியில் மழைநீர் இறங்காமல் காப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் செங்கல் புகைபோக்கி பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. கணப்புக்கு (குளிர்காய வீட்டுக்குள் தீ மூட்டும் இடம்) மேலே பழுப்புக் கறை தெரிந்ததும் வெளியே சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து, முகம் சில்லுசில்லாகக் கழன்றுவிடும்.

ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை வேலைக்கு ஏற்ற காலம். இரவில் உறைபனி விழும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். இறுகாத சாந்தில் நீர் உறைந்தால் அது அப்படியே உதிர்ந்துவிடும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்

ஒருவர் கூரையில் ஹோஸுடன், ஒருவர் உள்ளே டார்ச்சுடன். புகைபோக்கி கூரையைத் தொடும் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி, பக்கவாட்டு, கூரைச் சரிவின் மேட்டுப்பக்கம், செங்கல் சுவர், உச்சி என்று மேலே போங்கள். ஒவ்வோர் இடத்திலும் 15 நிமிடம் நீர் விடவேண்டும். உச்சியிலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்துவிடும். எது ஒழுகுகிறது என்று தெரியவே தெரியாது.

மழையே இல்லாமல், தீ மூட்டிய நாட்களில் மட்டும் ஈரம் வந்தால் அது கசிவல்ல. புகையிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. காய்ந்த விறகு எரித்தாலே பாதி குறையும்.

உச்சி

புகைவாய்க்கு மேல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடி போடுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு புகைக்கரியின் அமிலத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாய்க்கும் மூடிக்கும் இடையே குறைந்தது 5 அங்குல இடைவெளி தேவை. சுற்றிலும் அரை முதல் முக்கால் அங்குலக் கண் வலை கட்டலாம். கொசுவலை போன்ற சன்னக் கண் கரியால் அடைத்து, புகை வீட்டுக்குள் திரும்பும்.

வாயைச் சுற்றிய கான்கிரீட் தளம் விளிம்பில் 2 அங்குலக் கனத்துக்குக் குறையாமல், வெளிப்பக்கம் சரிவாக இருக்கவேண்டும். செங்கலைத் தாண்டி 2 அங்குலம் நீட்டி, சன்ஷேடு அடியில் விடுவது போல ஒரு நீர்வெட்டுக் காடியும் விடச் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டால் நீர் தளத்தின் அடியில் ஊர்ந்து வந்து சுவரிலேயே இறங்கும். செங்கலுக்குள் தனிப் புகைக்குழாய் இருந்தால், சூட்டில் அது விரியும்போது தளம் வெடிக்காதபடி, இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, சூடு தாங்கும் சீலண்டால் நிரப்புங்கள்.

செங்கல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள்: அவசரமே கூடாத இடம்

பழைய சாந்தை ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக எளிதில் உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. அதன்மேல் 1:3 சிமெண்ட் கலவை வைத்தால் இணைப்பு செங்கல்லைவிடக் கடினமாகிவிடும். ஈரமும் உப்பும் இணைப்பு வழியே வெளியேறாமல் செங்கல் வழியே வெளியேறும். அப்புறம் கெடுவது செங்கல். சாந்து கெட்டால் மறுபடி வைக்கலாம். பழைய அளவுச் செங்கலுக்கு எங்கே போவது?

இறந்த சாந்தை 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்கு உளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் வேகம்தான், ஆனால் செங்கலின் ஓரத்தைத் தின்றுவிடுகிறது. உளியும் சிறு சுத்தியலும்தான் என் தேர்வு. தூசியைத் தூரிகையால் தட்டி, இணைப்பை நனையுங்கள். நீர் சொட்டக்கூடாது. நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி (செங்கல் பொடி) 1 பங்கு, சலித்த ஆற்றுமணல் 2 பங்கு. ஒரே தடவையில் திணிக்காமல் 6 முதல் 8 மி.மீ. அடுக்குகளாக அழுத்துங்கள். கட்டைவிரல் தடம் மட்டும் பதியும் அளவு இறுகியதும் அடுத்த அடுக்கு. முடிந்ததும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் பாருங்கள். வெயிலில் வேகமாகக் காய்ந்த சுண்ணாம்பு மாவாக உதிரும்.

முதலிலேயே சிமெண்டில் கட்டியதாக இருந்தால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 போதும்.

கூரையும் சுவரும் சேரும் இடம்

இணைப்பைச் சுரண்டி வைத்த கையோடு ஃபிளாஷிங் தகட்டையும் (கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் தகடு) செருகிவிடுங்கள். பிறகு வெட்டினால் புதுச் சாந்து வீண். மேல்தகட்டின் மடிப்பு இணைப்புக்குள் 1 அங்குலம் போகவேண்டும். அலுமினியம் வேண்டாம், ஈரச் சுண்ணாம்பு அதை அரிக்கும். கூரைநீரைக் குடிக்கச் சேமிக்கும் வீட்டில் காரீயத் தகடும் வேண்டாம். மேட்டுப்பக்கத் தகடு ஓட்டுக்கு அடியிலும், தாழ்வுப்பக்கத் தகடு ஓட்டுக்கு மேலும் வரவேண்டும். புகைபோக்கி இரண்டரை அடிக்கு மேல் அகலமானால், மேட்டுப்பக்கம் நீரை இருபுறமும் பிரிக்கும் சிறு முகடு அவசியம். இல்லையேல் சருகு சேர்ந்து அங்கேயே குளம் கட்டும். தகட்டு விளிம்பில் தார் அப்புவது ஓரிரு மழைக்காலம் தாங்கும். அதன் பிறகு வெடிப்பு தெரியாமல் மறைப்பதுதான் அதன் வேலை.

மேற்பூச்சு தேவையா?

மேலே சொன்னவை சரியாக இருந்தால் பல வீடுகளுக்குத் தேவையில்லை. சாரல் நேராக அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சிலேன்-சிலாக்ஸேன் வகை நீர்த்தடுப்புப் பூச்சு பூசலாம். நீராவியை வெளியே விடும். பளபளக்கும் அக்ரிலிக் வகை விடாது. சாந்து நன்றாக இறுகி உலர்ந்த பிறகு, குறைந்தது 28 நாள் கழித்து, கீழிருந்து மேலாக அடியுங்கள். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது.

பின்னர் சேர்த்தது

கணப்பைப் பயன்படுத்தாதவர்கள் உச்சியைக் கல் பலகையால் முழுதாக மூடிவிட்டு, "மழை உள்ளே போகவில்லை, ஆனாலும் சுவர் நனைகிறது" என்கிறார்கள். காற்று ஓடாத குழாயில் ஈரம் தங்கும். மேலே மூடியோடு காற்றுவழி, கீழே கணப்பு வாயில் ஒரு ஜாலி, இரண்டும் வேண்டும். மூடுமுன் உள்ளிருக்கும் கரியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கரியின் உப்பு ஏறிய பூச்சு காற்றின் ஈரத்தையே உறிஞ்சும். கறை அப்போதும் போகாவிட்டால் அந்தப் பகுதிப் பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகச் சுண்ணாம்பில் பூசவேண்டும்.