அம்புக்கு இறகு ஒட்ட எந்தப் பசை?

பசையைத் தேர்ந்தெடுக்கும் முன் தண்டின் மேற்பூச்சைப் பாருங்கள். மரத்தண்டில் லாக்கர் அடித்திருந்தால், கரைப்பான் கலந்த டியூப் பசை நன்றாகக் கடிக்கும். பாலியூரிதேன் பூச்சில் அதே பசை சரியாகப் பிடிக்காமல் உரிந்துவரலாம். சில பூச்சுகளைச் சுருங்கவும் வைக்கும். எந்தப் பூச்சானாலும், முதலில் ஒரு பழைய தண்டில் ஒரே ஓர் இறகை ஒட்டி, மறுநாள் இழுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

கார்பன், அலுமினியத் தண்டுகளுக்கு சூப்பர் குளூ வகை வசதியானது. தண்ணியான ரகம் வேண்டாம். இறகின் அடித்தண்டு அதை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டுமிடத்தில் பசை மிஞ்சாது. கெட்டியான ஜெல் ரகமே நல்லது. டியூப் பசையென்றால், இறகைக் கிளாம்ப்பால் பிடித்துத் தண்டோடு அழுத்திவைக்கும் ஜிக் கருவியில் 10 முதல் 15 நிமிடம் அசையாமல் இருக்கட்டும். இருபக்க டேப்பில் காத்திருக்கவே தேவையில்லை, ஆனால் முனைகளில் பசைப் பொட்டு கட்டாயம்.

இறகு கழன்றால் பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை, விரல் எண்ணெயில்தான். தண்டை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்; பிறகு அங்கே கை படக்கூடாது. அடித்தண்டின் மீது மெல்லிய ஒரே கோடாகப் பசை போதும். அதிகம் வைத்தால் பக்கவாட்டில் பிதுங்கி கிளாம்ப்போடு ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்தபின் இறகின் முன்முனை, பின்முனை இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு வையுங்கள். கையை உரசிப் போகும் அம்பில் முன்முனை தூக்கியிருந்தால், அந்தக் கூர்நுனி விரலைக் கிழித்துவிடும்.