பனையோலைப் பெட்டிகளை வீட்டிலிருந்தே விற்பது எப்படி: அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

திருச்செந்தூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பனையோலைப் பெட்டி முடையத் தெரியாத வீடுகள் குறைவு. ஆனால் அதை வெளியூருக்கு அனுப்பி விற்றுக் காசு பார்த்த வீடுகள் அதைவிடக் குறைவு. ஏன் அப்படி என்பது, நான் இதைத் தொழிலாகத் தொடங்கி முதல் மூன்று மாதங்கள் கைக்காசு இழந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஓலையைக் கீற்றுகளாக வார்வதும் முடைவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த வேலைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எதை விற்பது என்று முடிவு செய்தல்

சுளகு, விசிறி, கிலுகிலுப்பை, கடகம், மூடி வைத்த பெட்டி என்று எல்லாவற்றையும் முடைந்து விற்க ஆசை வரும். முதல் ஆறு மாதங்களுக்கு அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மூடி வைத்த சதுரப் பெட்டி ஒன்று, தாம்பூலம் கொடுக்கும் சிறு கொட்டான் ஒன்று ஆகிய இரண்டோடு நான் நிறுத்திக்கொண்டேன். பொருள் இரண்டே என்றால் ஓலையின் அளவும் நேரக் கணக்கும் கைவசப்படும். இங்கே ஒரு எச்சரிக்கை: கொட்டான் என்று எழுதலாம், ஆனால் அதற்கு முன்னால் ‘செட்டிநாடு’ என்று சேர்த்து விற்காதீர்கள். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வேறு வட்டாரத்தில் முடைந்ததை அந்தப் பெயரில் விற்பது முறையன்று. பனை தமிழ்நாட்டின் மாநில மரம், உங்கள் ஊரின் ஓலைக்கும் ஒரு பெருமை உண்டு. ஊர்ப் பெயரையே எழுதுங்கள்.

இரண்டாம் படி: விலை

எங்கள் தெருவில் இருபது சென்டிமீட்டர் பெட்டி நூற்றெண்பது ரூபாய்க்கு விற்றது. நானும் அதே விலையை வைத்தேன். கணக்கு நோட்டைப் பார்த்த எங்கள் ஆச்சி, “ஏட்டி, ஓலைக்காசு மட்டுந்தான் எழுதியிருக்க. நாலு மணிநேரம் குத்தவச்சு இருந்தியே, அதுக்கு யாரு துட்டு தருவா?” என்று கேட்டார். அன்றிரவு உட்கார்ந்து மறுபடியும் எழுதிய கணக்கு இது.

ஓலை 40 ரூபாய், சாயம் 12 ரூபாய். ஓலை வார்ந்து சாயம் ஏற்ற ஒரு மணி நேரம், முடைய மூன்று மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் கூலி 240 ரூபாய். அட்டைப்பெட்டி, தாள், டேப் எல்லாம் சேர்த்து 28 ரூபாய். ஆக 320 ரூபாய். பத்தில் ஒன்று கோணலாகிப்போவதால் அதற்கென்று 32 ரூபாய் சேர்த்தால் 352 ரூபாய். இதுதான் அடக்க விலை. நான் நூற்றெண்பதுக்கு விற்றுக்கொண்டிருந்தேன் என்றால், வாங்கியவருக்கு ஒவ்வொரு பெட்டியோடும் நூற்றெழுபத்திரண்டு ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நேராக வாங்குவோருக்கு 450 ரூபாய். கடையில் வைத்து விற்பதென்றால் அவர்கள் கழிவு கேட்பார்கள். நூற்றுக்கு நாற்பது என்றால் 450 ரூபாய்ப் பெட்டிக்கு 270 ரூபாய்தான் நம் கைக்கு வரும், அது அடக்க விலைக்கும் கீழே. ஆகவே கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் 352 ரூபாயை 0.6 ஆல் வகுத்து, 590 ரூபாய் என்று விலை வையுங்கள். அந்த விலைக்குப் போகாது என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடை நமக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: அட்டைப்பெட்டி (இங்கேதான் நான் சறுக்கினேன்)

முதல் வெளியூர் ஆர்டர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பெட்டியின் எடை 450 கிராம்; அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, கூரியர் கட்டணம் எண்பது ரூபாய் ஆகும் என்று நானாக நினைத்து அதை வாங்குபவரிடம் பெற்றுக்கொண்டேன். வீட்டில் கிடந்த மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் பழைய துணி அடைத்து அனுப்பினேன். கூரியர் அலுவலகத்தில் அந்தத் தம்பி தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டேப்பை எடுத்து மூன்று பக்கமும் அளந்தார். முந்நூற்றுப் பதினைந்து ரூபாய் என்றார். தராசு கெட்டுவிட்டதோ என்று அவரிடம் சண்டையே போட்டேன்.

சண்டைக்கு அவர் காரணமில்லை. கூரியர் நிறுவனங்கள் இரண்டு எடைகளைப் பார்க்கின்றன. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றது பொட்டலம் வண்டியில் அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிய கணக்கு, அதற்குக் கொள்ளளவு எடை என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள், வருவது கிலோ. இரண்டு எடைகளில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சில சேவைகளில் வகுக்கும் எண் 5000ஐவிடக் குறைவு, அப்படியானால் கணக்கில் வரும் எடை இன்னும் கூடும். ஆகவே கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் அந்த எண்ணைக் கேளுங்கள்.

என் மிக்ஸிப் பெட்டி 30 × 30 × 25. பெருக்கினால் 22,500, வகுத்தால் நாலரைக் கிலோ. முக்கால் கிலோகூட நிற்காத பொட்டலத்துக்கு நாலரைக் கிலோவுக்கான பணம் கட்டியிருக்கிறேன். இரும்பு விற்பவருக்கும் புத்தகம் விற்பவருக்கும் இந்தத் தொல்லை வராது. உள்ளே காற்றை வைத்து முடையும் நமக்குத்தான் வரும்.

பெட்டியின் பக்கம் 20 சென்டிமீட்டர். எல்லாப் பக்கமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் தாள் வைக்க இடம் விட்டால் 24 × 24 × 24 அட்டைப்பெட்டி போதும். 13,824ஐ 5000 ஆல் வகுத்தால் 2.76; அரைக் கிலோ படிகளில் கணக்கிடுவதால் மூன்று கிலோ. அளவை இறுக்கிப் பிடித்ததிலேயே ஒன்றரைக் கிலோ குறைந்தது. அட்டையின் வெளிப்பக்கத்தைத்தான் அளப்பார்கள், பொட்டலம் உப்பியிருந்தால் உப்பிய இடத்தில்தான் டேப் வைப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனாலும் மூன்று கிலோவுக்கு எனக்கு 210 ரூபாய் ஆனது. 450 ரூபாய்ப் பொருளுக்கு 210 ரூபாய் அனுப்புகூலி என்றால் யார் வாங்குவார்கள்? அதற்கான வழி எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது: ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த அடுக்குப் பெட்டி. 20, 17, 14 சென்டிமீட்டரில் மூன்று பெட்டிகளை முடைந்து ஒன்றுக்குள் ஒன்று இறக்கினேன். அட்டைப்பெட்டி அதேதான், மூன்று கிலோவும் அதேதான், 210 ரூபாயும் அதேதான். உள்ளே இருப்பது மட்டும் 1,090 ரூபாய்ச் சரக்கு. அன்றிலிருந்து வெளியூருக்குத் தனிப்பெட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் புதிதாக ஒரு வடிவம் முடைய நினைத்தால், முதலில் அது போகும் அட்டைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி முடையுங்கள்.

இந்த எடைக்கு மூன்றடுக்கு நெளி அட்டை போதுமானது. உள்ளே இருக்கும் சின்னப் பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாளை நிறைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே வேறு பொட்டலம் ஏறும்போது மூடி உள்வாங்கிவிடும். கட்டி முடித்ததும் இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு மூலையாகக் கீழே போட்டுப் பாருங்கள்.

கருவிகளைப் பற்றி என் கருத்து

ஓலையை ஒரே அகலத்தில் வார்வதற்கு, மரக்கட்டையில் இரண்டு பிளேடுகளை எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் பதித்துக்கொள்வது எந்தக் கத்தியையும்விட மேல். தையல்காரர் டேப் இழுபடும். அட்டைப்பெட்டி அளக்க இரும்பு ஸ்கேல் வாங்குங்கள். படம் எடுக்க வட்ட விளக்கு வேண்டவே வேண்டாம், அதன் வெளிச்சத்தில் ஓலை பிளாஸ்டிக் போலத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கிழக்குச் சன்னலோரம் வைத்துக் கைப்பேசியில் எடுத்தால் இழையின் நெளிவு வரை விழும். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். அளவைச் சென்டிமீட்டரில் எழுதியிருந்தும், இரண்டு கிலோ முறுக்கு கொள்ளும் என்று நினைத்து கொட்டானை வாங்கியவர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். கணக்கு எழுதச் செயலிகள் நிறைய உண்டு. எனக்கு நீளநோட்டுதான் சரிப்பட்டது.

நான்காம் படி: பதிவும் வரியும்

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து அரசின் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி என்றாலும், அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. அதற்குப் பான் எண் வேண்டும், சரக்கோடு போகும் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டும் எடுக்க வேண்டும். இணையச் சந்தைத் தளங்கள் வழியாக விற்பதற்கு விதி வேறு: 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் விற்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். தளத்தில் ஏறுவதற்கு முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பூஞ்சை பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கும் பூத்தது. சாயம் ஏற்றிய ஓலை மேலே காய்ந்தாற்போல் இருக்கும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும். இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, மூன்றாம் நாள் இளவெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும். பாலித்தீன் பையில் கட்டி அனுப்பாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் போக வழியின்றிப் பெட்டியிலேயே படியும். தாளில் சுற்றி ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

தை மாதக் கல்யாணத்துக்கு நூறு கொட்டான் ஆர்டரை ஒப்புக்கொண்டு மழையில் மாட்டிக்கொண்டதாகச் சிவகாசிப் பக்கத்துத் தங்கை ஒருவர் எழுதியிருந்தார். தை ஆர்டருக்கு முடைவது மழைக்காலத்தில் என்றாலும், ஓலையை வார்ந்து சாயம் ஏற்றிக் காயவைப்பது புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். காய்ந்த ஓலையைக் கட்டாகக் கட்டிப் பரணில் வைத்துவிட்டால், முடையும் அன்று ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே பதமாகிவிடும். முன்பணம் பாதி வாங்காமல் நூறு கொட்டானுக்கு ஓலை வாங்காதீர்கள்.

சாயப் பெட்டியில் பலகாரம் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: நேரடியாக வைக்க வேண்டாம். வாழையிலையோ வெண்ணெய்த்தாளோ விரித்துக்கொள்ளுங்கள்; பலகாரத்துக்கென்றே கேட்பவர்களுக்கு நான் சாயமில்லாத வெள்ளோலையில்தான் முடைகிறேன். சாயம் நின்றிருக்கிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் அடிப்பக்கத்தைப் பத்துத் தடவை தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தச் சரக்கை அனுப்பாதீர்கள்.

24 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்பதுதான் அதிகம் பேர் கேட்ட கேள்வி. நான் விசாரித்த இடத்தில் நூறுக்குக் குறைந்து வெட்டித் தரவில்லை. நானும், இதே அளவில் முடையும் எங்கள் மதினியும் சேர்ந்து நூறு வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். மடித்தபடியே கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறேன், முப்பத்தெட்டு மீதம் இருக்கிறது.