வேப்பிலைச் சாரத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை போடாதது, தட்டில் தேதி எழுத மறந்தது எல்லாம் ஒரு தடவை பட்டால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வேப்பிலைச் சாரம் பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று சோதிக்க ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் என் பழைய சொதப்பல்களையே வரிசை தவறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கரைப்பானைத் தனியாகச் சோதிக்காதது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வேப்பிலைப் பொடியை மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டி, அந்தத் திரவத்தை அப்படியே அகார் தட்டின் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) குழிகளில் விட்டேன். மறுநாள் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா படர்ந்த தட்டில் குழியைச் சுற்றி 15 மில்லிமீட்டருக்கு, பாக்டீரியா வளராத தெளிவான வளையம். மூன்று மாதம் அதே தட்டுகள், படங்கள், அட்டவணைகள். ஒருநாள் பக்கத்து மேசைக்காரர், "வெறும் மெத்தனாலை ஊத்திப் பாத்தீங்களா?" என்றார். ஊற்றினேன். 13 மில்லிமீட்டர்! இலையின் வேலை என்று நான் கொண்டாடியதில் பெரும்பகுதி மெத்தனாலின் கைவரிசை. மூன்று மாத நோட்டில் ஒரு பக்கமும் தேறவில்லை.

அதனால் கரைப்பானை முழுக்க ஆவியாக்கி, மிஞ்சும் பிசினை எடைபோட்டு, டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற வேறொரு கரைப்பானில் கரையுங்கள். அதே தட்டில், அதே நாளில், சாரம் கலக்காத டிஎம்எஸ்ஓவை அதே அளவு ஒரு குழியில் விடுங்கள். திரவ ஊடகத்தில் சோதித்தால் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

வளையத்தை வைத்து வீரியத்தை அளப்பது

சாரம் அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறதோ, அதைப் பொறுத்தும் வளையம் மாறும். ஒப்பீட்டுக்குத் தட்டில் வைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் (ஓர் ஆன்டிபயாட்டிக்) வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். உங்கள் குழியில் 10 மில்லிகிராம். அதாவது 2,000 மடங்கு ஊற்றிவிட்டு "ஆன்டிபயாட்டிக்குக்கு இணை" என்று எழுதாதீர்கள். படிப்படியாக நீர்த்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். பாக்டீரியா வளர்ந்ததைக் காட்டும் கலங்கலைச் சாரத்தின் பச்சை நிறம் மறைத்தால், ரெசசுரின் என்ற நீலச் சாயம் சேருங்கள். பாக்டீரியா உயிரோடு இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். சாரமே அந்த நிறத்தை மாற்றலாம் என்பதால், பாக்டீரியா இல்லாத சாரக் குழி ஒன்றும் வேண்டும்.

இலையை உறுதிசெய்யாதது

மலைவேம்பு வேறு, வேம்பு வேறு.

மூலிகைதானே என்று விடுவது

வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு, சிலருக்கு மரணம்கூட நேர்ந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. எண்ணெயும் இலையும் ஒன்றல்ல, சரி. ஆனால் இலைச் சாரத்தையும் சோதித்துத்தானே சொல்ல முடியும்? பாக்டீரியாவைத் தடுத்த அதே அளவைச் சிவப்பணுக்களோடு கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள், அப்புறம் மையவிலக்கியில் சுற்றுங்கள். மேலே நிற்கும் நீர் சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. அந்த அளவை உடலுக்குள் செலுத்தும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.