ஒரே தரவு, எதிரெதிர் விடை

வீட்டில் தமிழ் பேசுவது பற்றிய கருத்தாய்வில், வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டாரும் தனியார் வீட்டாரும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் (ஆம்/இல்லை வகைப் பதில்களை ஆராயும் புள்ளியியல் முறை) பார்த்தோம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எனக்கு வந்த விடை, ஆர் மென்பொருளில் தோழிக்கு வந்ததற்கு நேர்மாறாக இருந்தது. விடுபட்ட பதில்களைச் சரிபார்த்தோம், எடையிடலை நீக்கிப் பார்த்தோம், கோப்பை மறுபடி இறக்கினோம். பயனில்லை.

துப்புக் கொடுத்தது பி மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் எண். இரண்டிலும் அது அச்சொட்டாக ஒன்றே. வாய்ப்பு விகிதங்களோ (ஒரு குழுவின் ‘ஆம்’–‘இல்லை’ விகிதம் ஒப்பிடும் குழுவினுடையதைப் போல் எத்தனை மடங்கு என்பது), ஒன்றில் 2.5 என்றால் மற்றதில் 0.4, பெருக்கினால் 1. அப்படியானால் கணக்கு ஒன்றுதான், ஒப்பிடும் குழு மட்டும் மாறியிருக்கிறது. ஆர் இயல்பாக முதல் பிரிவையும், எஸ்பிஎஸ்எஸ்ஸின் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் கடைசிப் பிரிவையும் அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன.

எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் முதல் பிரிவே அடிப்படையாக இருக்கட்டும் என்று ‘கேட்டகாரிக்கல்’ பெட்டியில் ‘ஃபர்ஸ்ட்’ என்று குறித்த பிறகும் விடை அசையவில்லை. பக்கத்தில் இருக்கும் ‘சேஞ்ச்’ பொத்தானையும் அழுத்த வேண்டும். இல்லையென்றால் தேர்வு பதிவாகாது. அழுத்தியதும் எண்கள் ஒத்துப்போயின. அப்பாடா என்றிருந்தது.

அட்டவணைத் தலைப்பிலேயே ‘ஒப்பீட்டுக் குழு: தனியார் வீடுகள்’ என்று எழுதிவிட்டோம். 2.5 என்பதை ‘இரண்டரை மடங்கு பேர்’ என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதால், ஒவ்வொரு குழுவுக்கும் கணித்த சதவீதத்தையும் பக்கத்தில் சேர்த்தோம்.